பெயர் ஒன்று, சரக்கு வேறா? மளிகைப் பெயர்களில் ஒரு தெளிவு

மளிகை வியாபாரத்தில் தராசு எவ்வளவு முக்கியமோ, சரக்கின் பெயரும் அவ்வளவு முக்கியம். எடையில் தவறு வந்தால் குறைந்ததைப் போட்டுக் கொடுத்துச் சரி செய்துவிடலாம். பெயரில் தவறு வந்தால் சரக்கே மாறிவிடும். லாரி வாடகை கொடுத்து இறக்கிய மூட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டி வரும். பொட்டலம் கட்டி விற்றுவிட்ட பிறகு தெரிய வந்தால், வாடிக்கையாளரின் நம்பிக்கையும் போய், அதிகாரிகளுக்கும் பதில் சொல்ல வேண்டி வரும்.

நாம் அன்றாடம் எடுத்தாளும் பெயர்களில் பல, கடல் கடந்து வந்தவை. சில, புதிதாக வந்த சரக்குக்குப் பழைய சரக்கின் பெயரையே சூட்டியதால் உண்டானவை. வேறு சில, சரக்கு மாறிய பின்னும் மாறாமல் நிற்பவை. மாவட்டத்துக்கு மாவட்டம் பொருள் மாறும் பெயர்களும் உண்டு. பெயர் வந்த வழி தெரிந்தால் குழப்பம் எங்கே வரும் என்பதும் தெரிந்துவிடும். அதனால்தான் நம் கடைகளில் அதிகம் குழம்பும் சில பெயர்களை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

சீரகத்தில் எத்தனை சீரகம்?

சீரகம் என்ற சொல்லைச் ‘சீர் அகம்’ என்று பிரித்து, வயிற்றைச் சீர் செய்வது என்று பொருள் சொல்வோர் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வடமொழியின் ‘ஜீரகம்’ என்பதிலிருந்து வந்த சொல் இது என்பதே மொழி அறிஞர்கள் கூறுவது. இந்தியில் ஜீரா என்பதும் இதுதான்.

நாம் சோம்பு என்று சொல்வதற்குப் பெருஞ்சீரகம் என்றும் பெயர். இலங்கைத் தமிழர் பெருஞ்சீரகம் என்றே கேட்பார்கள். சீரகத்தை அவர்கள் சின்னச்சீரகம் அல்லது நற்சீரகம் என்பார்கள். ஆகவே இலங்கை வாடிக்கையாளர் வெறும் ‘சீரகம்’ என்று கேட்டால், எந்தச் சீரகம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஆங்கிலத்தில் பில் போடும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. சோம்பை ‘அனிசீட்’ என்று எழுதும் வழக்கம் தென்னாட்டில் பரவலாக உண்டு. சோம்புக்குச் சரியான ஆங்கிலப் பெயர் ‘ஃபென்னல்’. அனிசீட் என்பது மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த வேறு செடியின் விதை. மணம் ஒத்திருப்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. நமது உணவுச் சட்ட விதிகள் இரண்டுக்கும் தனித்தனியே தர அளவுகள் வகுத்திருப்பதால், பாக்கெட்டில் அச்சிடும் பெயரில் கவனம் வேண்டும்.

கருஞ்சீரகம் சீரகத்தின் கறுப்பு ரகம் என்று எண்ணுவோர் பலர். அது சீரகக் குடும்பத்தையே சேர்ந்ததில்லை. மூன்று முனை கொண்ட, மை போன்ற கறுப்பு விதை அது. வடக்கே இதற்கு ‘கலோஞ்சி’ என்று பெயர். வங்காளிகள் இதையே ‘காலோ ஜீரே’ என்கிறார்கள். அதாவது கறுப்புச் சீரகம். இந்தி வழங்கும் சந்தைகளில் ‘காலா ஜீரா’ என்று கேட்டால் பெரும்பாலும் வருவது ஷாஜீரா. அது பழுப்புக் கறுப்பாய், மெல்லியதாய், சற்று வளைந்திருக்கும்; காஷ்மீர், இமாசலப் பகுதிகளிலும் ஆப்கானிஸ்தான், ஈரான் நாடுகளிலும் விளைவது; பிரியாணிக்குப் போடுவது; விலையும் மிக அதிகம். ஒரே பெயரைச் சொல்லி கொல்கத்தாவில் ஒரு சரக்கும் டில்லியில் வேறு சரக்கும் வாங்கலாம் என்றால், மாதிரி பார்க்காமல் ஆர்டர் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பது விளங்கும்.

கடலை என்றால் எது?

நம் கடைகளில் கடலை எண்ணெயும் கடலை மாவும் பக்கத்துப் பக்கத்து அடுக்கில் இருக்கின்றன. எண்ணெய் நிலக்கடலையில் ஆட்டியது. மாவு, கொண்டைக்கடலையின் தோல் நீக்கிய பருப்பில் அரைத்தது. இரண்டும் வேறு வேறு செடிகள். பெயர் மட்டும் ஒன்று.

இதற்குக் காரணம் எளிது. கடலை என்ற பெயர் முதலில் கொண்டைக்கடலைக்கு உரியது. கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை என்பவை எல்லாம் அந்தப் பழைய பொருளில் வந்தவை. நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. ஐரோப்பியர் அமெரிக்காவைக் கண்ட பிறகுதான் அது நம் பக்கம் வந்தது. மண்ணுக்குள் காய்ப்பதால் நிலக்கடலை, வேர்க்கடலை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். விழுப்புரம், கடலூர் பக்கம் மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்ற பெயர் மருவி மல்லாக்கொட்டையாகி, பிறகு மல்லாட்டை ஆயிற்று. பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரம் நம் கிராமத்துச் சந்தையில் இப்படி ஒளிந்திருக்கிறது.

சென்னையில் ‘கடலை’ என்று மட்டும் கேட்டால் வேர்க்கடலையைத்தான் நினைப்பார்கள். இலங்கைத் தமிழருக்குக் கடலை என்றால் கொண்டைக்கடலை. வேர்க்கடலை அவர்களுக்குக் கச்சான். இன்றைய நிலையில் இது வெறும் பேச்சு வழக்குச் செய்தியாக மட்டும் இல்லை. நிலக்கடலை சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகும். 2020-ஆம் ஆண்டின் விவரச்சீட்டு விதிகள், பாக்கெட் உணவில் நிலக்கடலை இருந்தால் அதை ஒவ்வாமைப் பொருளாகக் குறிப்பிட வேண்டும் என்கின்றன. மிக்சர், பொடி வகைகளைப் பாக்கெட் செய்யும் நண்பர்கள் ‘கடலை’ என்று மொட்டையாக அச்சிடாமல், நிலக்கடலையா கொண்டைக்கடலையா என்று தெளிவாக அச்சிட வேண்டும்.

கடலை மாவைப் பற்றி இன்னொன்று. கொண்டைக்கடலைப் பருப்பை மட்டும் அரைத்ததே கடலை மாவு. நிறமோ வேறு பொருளோ சேர்க்கக் கூடாது என்று விதி சொல்கிறது. பட்டாணி மாவு மலிவு. அதைக் கலந்துவிட்டுக் கடலை மாவு என்று பெயர் போட்டால் அது பெயர்க் குழப்பத்தோடு நிற்காது, கலப்படம் ஆகிவிடும்.

சர்க்கரை, சீனி, அஸ்கா

சர்க்கரை என்ற சொல் வடமொழியில் சரளைக்கல், பொடிக்கல் என்ற பொருள் உடையது. கல் கல்லாக இருந்ததால் இனிப்புக்கு அந்தப் பெயர் வந்தது. அந்தச் சொல்தான் அரபு நாடு வழியாக ஐரோப்பா போய் ‘சுகர்’ ஆனது. கேரளத்துச் ‘சக்கர’ போர்ச்சுகீசியர் வாயில் நுழைந்து வெல்லத்துக்கு ‘ஜாகரி’ என்ற ஆங்கிலப் பெயரைத் தந்தது. கற்கண்டில் உள்ள கண்டு, துண்டு என்ற பொருளுள்ள ‘கண்டம்’ என்ற சொல். இன்று பிள்ளைகள் கேட்கும் ‘கேண்டி’யும் அதன் வழி வந்ததுதான்.

சீனி என்பது சீன நாட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மதுரை, நெல்லைப் பக்கம் வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனி என்றே பெயர். சேலம், கோவைப் பக்கத்துப் பெரியவர்கள் அதை அஸ்கா என்பார்கள். அஸ்கா என்பது ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் உள்ள ஊர். கஞ்சம் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே சர்க்கரை ஆலை நடந்தது. அந்த ஊர்ப் பெயரே சரக்கின் பெயராகிவிட்டது.

பழைய வழக்கில் சர்க்கரை என்றால் வெல்லமும் அடங்கும். சர்க்கரைப் பொங்கலுக்கு நாம் வெல்லம்தானே போடுகிறோம்! இலங்கையில் இன்றும் வெள்ளைச் சர்க்கரை சீனி. சர்க்கரை என்றால் வெல்லம். தென் மாவட்டங்களிலும் இந்த வழக்கைக் கேட்கலாம். ஆகவே ‘சர்க்கரை பத்து மூட்டை’ என்று தொலைபேசியில் வரும் ஆர்டரை, வெள்ளையா, நாட்டுச் சர்க்கரையா, வெல்லமா என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

கருப்பட்டியில் கவனம் இன்னும் அதிகம் தேவை. பனையின் பதநீரைக் காய்ச்சி எடுப்பது கருப்பட்டி; பனைவெல்லம் என்பதும் அதுவே. கரும்புச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சிய சரக்கும் அதே பெயரில், அதே ஓலைக் கொட்டானில் வருகிறது. விலை வித்தியாசம் பெரிது. மொத்தமாக வாங்கும்போது ‘சர்க்கரை கலவாத கருப்பட்டி’ என்று பில்லில் எழுதி வாங்குவதே நமக்குப் பாதுகாப்பு.

ஜவ்வரிசி: சரக்கு மாறியும் பெயர் மாறாதது

‘சவ்வு போன்ற அரிசி’ என்பது மக்கள் சொல்லும் விளக்கம். உண்மையில் இது மலாய் மொழியின் ‘சாகு’ என்ற சொல்லோடு அரிசி சேர்ந்து உண்டான பெயர். சாகு என்பது மலேயா, இந்தோனேசியப் பகுதிகளில் வளரும் ஒரு பனை. அதன் தண்டின் உள்ளே இருக்கும் சோற்றிலிருந்து மாவெடுத்து உருட்டியதே அசல் சாகு.

இரண்டாம் உலகப் போரில் கீழ்த்திசைக் கப்பல் போக்குவரத்து நின்றபோது, 1943-ஆம் ஆண்டு வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அன்று குடிசைத் தொழிலாகத் தொடங்கியது இன்று நாடு முழுவதற்கும் சரக்கு அனுப்புகிறது. உற்பத்தியாளர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981-இல் அமைந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பனை மாவில் செய்ததற்கு இருந்த பெயரைக் கிழங்கு மாவில் செய்ததற்குச் சூட்டலாமா என்ற கேள்வி எழத்தானே செய்யும்? சட்டம் இதற்கு விடை வைத்திருக்கிறது. சாகு மரத்தின் மாவிலோ மரவள்ளிக் கிழங்கின் மாவிலோ செய்த உருண்டைகளே சேகோ என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். வழக்கம் உறுதிப்பட்டால் சட்டமும் அதை ஏற்கும் என்பதற்கு இது ஒரு சான்று. ஆனால் விதியில் ஏறிய பெயருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. நாமாக மாற்றி வைக்கும் பெயருக்குக் கிடையாது.

நைலான் ஜவ்வரிசி என்ற பெயரைக் கேட்டு, அதில் நைலான் கலந்திருக்கிறதோ என்று அஞ்சும் வாடிக்கையாளர்கள் உண்டு. ஆவியில் வேகவைத்து உலர்த்தியதால் கண்ணாடி போலத் தெரியும் ரகம் அது, பாயசத்துக்கு ஏற்றது. வறுத்து எடுத்த வெள்ளை ரகம் மாவு ஜவ்வரிசி, வடாத்துக்கு ஏற்றது. இரண்டும் கிழங்கு மாவே என்று எடுத்துச் சொன்னால் பயம் தீர்ந்துவிடும்.

பட்டையும் இலையும்

இலவங்கம் என்றால் கிராம்பு. இலவங்கப்பட்டை என்றால் வேறு மரத்தின் பட்டை. பட்டியலில் ‘லவங்கம்’ என்று எழுதிவிட்டுப் பட்டையை எதிர்பார்த்து நிற்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

பட்டையிலேயே இரண்டு உண்டு. இலங்கையிலிருந்து வரும் அசல் பட்டையை அங்கே கறுவாப்பட்டை என்கிறார்கள். காகிதம் போல் மெல்லிய பல அடுக்குகள் சுருட்டுப் போலச் சுருண்டிருக்கும், கையால் நொறுக்கலாம். நம் சந்தையில் அதிகம் விற்பது சீனா, வியட்நாம், இந்தோனேசியாவிலிருந்து வரும் ‘கேசியா’. அது தடித்து, ஒற்றைத் தோலாய், கெட்டியாக இருக்கும்; காரமும் கூடுதல்; விலை குறைவு. கேசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். அது அளவு மீறினால் ஈரலுக்குக் கேடு என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் சில உணவுகளில் அதற்கு வரம்பு வைத்தது. குழம்புக்கு ஒரு துண்டு போடுபவருக்குக் கவலை இல்லை. தினமும் பட்டைப்பொடியை மருந்து போலச் சாப்பிடுகிறவருக்கு வித்தியாசம் உண்டு. நம் விதிகளிலும் இரண்டும் தனித்தனிப் பெயரில் இருக்கின்றன. கேசியாவை விற்பதில் குற்றமில்லை; இலங்கைப் பட்டை என்று சொல்லி அந்த விலைக்கு விற்பதுதான் குற்றம்.

பிரிஞ்சி இலைக்கு ஆங்கிலத்தில் ‘பே லீஃப்’ என்று அச்சிடுகிறோம். அசல் பே லீஃப் மத்தியதரைக் கடல் நாட்டு மரத்தின் இலை; நடுவில் ஒரே நரம்பு. நம் பிரிஞ்சி இலை பட்டை இனத்து மரத்தின் இலை. அடியிலிருந்து நுனி வரை மூன்று நரம்புகள் ஓடும். ஏற்றுமதி செய்கிறவர்கள் இந்த மூன்று நரம்பை மறக்கக் கூடாது.

மசாலாக் கூட்டத்தில் அன்னாசிப்பூவையும் சேர்த்துக்கொள்வோம். அதற்கும் அன்னாசிப் பழத்துக்கும் சம்பந்தமில்லை. அது பூவும் இல்லை. சீனா, வியட்நாமில் வளரும் ஒரு மரத்தின் உலர்ந்த காய்.

பருப்பில் ஊர்ப் பெயர் மயக்கம்

மைசூர் பருப்புக்கும் மைசூருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வடமொழியில் ‘மசூர’, இந்தியில் ‘மசூர்’ என்ற பெயர் நம் காதில் மைசூர் என்று விழுந்துவிட்டது. கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் இது இறக்குமதியாகிறது. இலங்கையில் வெறும் ‘பருப்பு’ என்றாலே இந்தச் சிவப்புப் பருப்புதான்.

கேசரிப் பருப்பு இதைவிட ஆபத்தான பெயர். ரவைக் கேசரியும், குங்குமப்பூவுக்கு வடக்கே வழங்கும் ‘கேசர்’ என்ற பெயரும் நினைவுக்கு வருவதால் ஏதோ உயர்ந்த சரக்கு என்று தோன்றும். பார்வைக்குத் துவரம்பருப்பை ஒத்த இது, ஆப்பு போல ஒரு பக்கம் சரிந்து கோணலாக இருக்கும். இதைத் தொடர்ந்து முக்கிய உணவாக உண்டால் கால்கள் செயலிழந்து போகும் நோய் வரும் என்பதால், 1961-லேயே இதன் விற்பனைக்குத் தடை விதி வந்தது. துவரம்பருப்பில் கலந்து வரக்கூடியது இது. பருப்பு மூட்டை இறங்கியதும் ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டில் பரப்பிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் போகக் கூடாது.

கசகசா: வாடிக்கையாளரைக் காக்கும் ஒரு வார்த்தை

நமக்குக் கசகசா என்றால் குருமாவுக்கு அரைக்கும் வெள்ளை விதை. அபினிச் செடியின் விதை. இலங்கையில் கசகசா என்றால் ஃபலூடாவில் ஊறவைத்துப் போடும் கறுப்பு விதை; நாம் சப்ஜா என்கிற திருநீற்றுப் பச்சிலை விதை. சப்ஜாவையும் ‘சியா’வையும் ஒன்றென்று விற்போரும் உண்டு. சியா மெக்சிகோப் பகுதியைச் சேர்ந்த வேறு விதை.

இதில் முக்கியமான செய்தி ஒன்று. நம் நாட்டில் சமையல் கசகசா விற்பது சட்டப்படி சரி. ஆனால் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், சவுதி அரேபியா போன்ற நாடுகளில் அது தடை செய்யப்பட்ட பொருள். பெட்டியில் வைத்துக்கொண்டு இறங்கினால் போதைப்பொருள் வழக்கில் சிக்க நேரிடும். வளைகுடாவுக்குப் போகும் பிள்ளைக்கு மசாலாச் சாமான் கட்டிக்கொடுக்கும் தாய் நம் கடைக்குத்தான் வருகிறார். “கசகசாவை மட்டும் வைக்காதீர்கள் அம்மா” என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும். கசகசா அரைத்துச் சேர்த்த மசாலாப் பொடிக்கும் இது பொருந்தும்.

பெருங்காயம்: பெயரில் ‘கூட்டு’ வேண்டும்

கேரள வியாபாரிகள் ‘காயம்’ என்று மட்டும் எழுதினால் அது பெருங்காயம். ஆப்கானிஸ்தான், ஈரான், மத்திய ஆசிய நாடுகளில் வளரும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பாலே இது. நம் நாட்டில் பயிரிடும் முயற்சி 2020-இல்தான் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் தொடங்கியது.

அசல் பால் பெருங்காயம் மிகக் காரம். அதோடு கருவேலம் பிசினையும் மாவையும் சேர்த்துப் பக்குவப்படுத்தியதே நாம் விற்கும் கட்டியும் தூளும். இது கலப்படம் இல்லை. சட்டம் அனுமதித்த முறை. ஆனால் ‘கூட்டுப் பெருங்காயம்’ என்று பெயர் போட வேண்டும். சேர்த்த மாவு, பிசின் விவரமும் வேண்டும். சாராயத்தில் கரையும் சத்து 5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மைதா சேர்ந்த பெருங்காயம், கோதுமை ஒவ்வாதவருக்கு ஆகாது. கேட்கும் வாடிக்கையாளருக்கு அரிசி மாவு சேர்த்த ரகம் எது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1954-ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்தின் இடத்தில், 2006-இல் இயற்றிய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் 50-ஆம் பிரிவு, வாங்குபவர் கேட்ட தன்மையிலும் தரத்திலும் இல்லாத உணவை அவருக்குப் பாதகமாக விற்பதைக் குற்றமாக்குகிறது. அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை. பதிவுச் சான்று மட்டும் பெற்ற சிறு வணிகருக்கு 25,000 ரூபாய் வரை. தவறான விவரச்சீட்டுக்கு 52-ஆம் பிரிவின்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ‘கேட்ட பொருள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சரக்கு கெட்டுப்போகாமல் நன்றாக இருந்தாலும், கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் சட்டம் நம் பக்கம் இராது.

நாம் செய்ய வேண்டியவை:

1. ஆர்டர் கொடுக்கும்போது வட்டாரப் பெயரோடு பொதுப் பெயரையும் சொல்லுங்கள்: ‘கடலை’ வேண்டாம், ‘நிலக்கடலைப் பருப்பு’ என்றோ ‘கொண்டைக்கடலை’ என்றோ சொல்லுங்கள்.

2. வெளிமாநிலச் சரக்குக்கு மாதிரி வாங்கிப் பார்த்து, அதே மாதிரியில் கொஞ்சம் எடுத்து, சரக்கு வந்து சேரும் வரை வைத்திருங்கள்.

3. மொத்த வியாபாரியின் பில்லில் சரக்கின் முழுப் பெயரும், படிவம் ‘ஈ’ என்ற உத்தரவாதமும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். வழக்கு என்று வந்தால் நமக்குத் துணை நிற்பது அந்தக் காகிதமே.

4. சொந்தப் பாக்கெட் போடுகிறவர்கள், தமிழ்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் ஒரே சரக்கைத்தான் குறிக்கின்றனவா என்று அச்சுக்குக் கொடுக்குமுன் சரிபாருங்கள்.

5. கடைப் பையன்களுக்குச் சீரகம், சோம்பு, கருஞ்சீரகம், ஷாஜீரா நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். டப்பாவில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

நம் முன்னோர் சரக்கைக் கையில் எடுத்து, முகர்ந்து, வாயில் போட்டுப் பார்த்துப் பெயர் சொன்னவர்கள். இன்று சரக்கைப் பார்க்காமலே அலைபேசியில் வாங்கி, பார்க்காமலே விற்கிறோம். பார்வை போன இடத்தில் பெயர்தான் நிற்கிறது. அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லி வாங்குவோம். சரியாக எழுதி விற்போம்.